அதே காசுக்குப் புது லேப்டாப்பா, ரீஃபர்பிஷ்டா?

கேள்வி: 2025 நவம்பர் 8, காலை 9.05

கையில் இருக்கும் காசுக்குப் புதிதாகக் கிடைப்பது ஆகக் கீழ்த்தட்டு மாடல்தான். அதே காசுக்கு, ஏதோ ஓர் ஆபீஸில் மூன்று நான்கு வருடம் ஓடிய நல்ல மாடல் ஒன்று ரீஃபர்பிஷ்டாக (பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்பது) கிடைக்கிறது. எனக்கு எழுத்து வேலை (பெரும்பாலும் தமிழில்), பிரவுசர், வீடியோ அழைப்பு, கொஞ்சம் புரோகிராமிங். கேட்டவர்கள் எல்லாரும் "பழசு பழசுதான்" என்கிறார்கள். நிஜமா?

பதில்: நவம்பர் 8, காலை 10.20

நிஜமில்லை. ரீஃபர்பிஷ்டு வாங்குங்கள்.

கீழ்த்தட்டுப் புது லேப்டாப்பில் முதலில் விலையை முடிவு செய்துவிடுவார்கள். பிறகு அந்த விலைக்குள் அடங்கும்வரை ஒவ்வொன்றாகக் குறைப்பார்கள். ஆபீஸ் மாடல்களின் கதை வேறு. ஆயிரக்கணக்கில் வாங்கும் நிறுவனம், கெட்டுப்போனால் அன்றே சரியாக வேண்டும் என்று கேட்கும். அதனால் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வகையறாவில் அடிமூடி சில ஸ்க்ரூவில் கழன்று வரும், சர்வீஸ் கையேடு தயாரிப்பாளர் தளத்திலேயே கிடக்கும், உதிரி பாகம் கிடைக்கும். குத்தகைக் காலம் முடிந்து மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பதால் சந்தைக்கு வருபவைதான் பெரும்பாலும். கெட்டதால் கழித்தவை கொஞ்சம்தான்.

நான்கு வருடம் முன்பு அக்கா மகளுக்குப் புதுசுதான் வாங்கிக் கொடுத்தேன். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி. எஸ்எஸ்டி என்று நினைத்துவிடாதீர்கள், இது மெமரி கார்டின் தம்பி, போர்டோடு ஒட்டியிருக்கும். விண்டோஸின் பெரிய அப்டேட் வந்தால் இறக்க இடமிருக்காது. அவள் படங்களை அழிப்பாள், அப்டேட் பாதியில் நிற்கும், மறுபடி அழிப்பாள். ரேம் கூட்ட வழியில்லை, சேமிப்பை மாற்றவும் வழியில்லை. ஒன்றரை வருடத்தில் அது மேசை விளக்குக்கு முட்டுக் கொடுக்கப் போய்விட்டது. வாரண்டி இருந்த காலம் முழுக்க எதுவும் பழுதாகவில்லை, அதுதான் கொடுமை. பழுதானால் மாற்றியாவது கொடுத்திருப்பார்கள்.

நவம்பர் 8, இரவு 11.40

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "மூன்று நான்கு வருடம்" என்று விற்பவர் சொன்னதை நானும் அப்படியே விழுங்கியிருக்கிறேன். வருடத்தைக் கேட்காதீர்கள், சிப் எண்ணைக் கேளுங்கள். கூடவே சீரியல் எண்ணையும் வாங்கித் தயாரிப்பாளர் தளத்தில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகளில் வாரண்டி தொடங்கிய தேதி வந்துவிடும். பிறந்த தேதி தெரிந்துவிட்டால் வயதில் பொய் சொல்ல முடியாது.

எண்ணைப் படிப்பது எளிது. இன்டெல் ஐ5-8250யு என்றால் 8ஆம் தலைமுறை, ஐ5-1135ஜி7 என்றால் 11ஆம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும்தான் அதிகாரபூர்வமாகச் சேர்த்தி. டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு ஏற்பாடுகளும் வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு போன மாதம் 14ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்குத் தரும் நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். 6ஆம், 7ஆம் தலைமுறை லேப்டாப்கள் ஏன் இவ்வளவு மலிவாக வருகின்றன என்று யோசிக்கவே வேண்டாம். லினக்ஸ் போடுபவர் வாங்கலாம். மற்றவர்கள் தொடவேண்டாம்.

நவம்பர் 9, காலை 7.15

"ஆனால் அதில் ஐ7 இருக்கிறதே" என்று ஒருவர். ஐ7-7500யுவில் கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் மூளை) இரண்டு. அடுத்த வருடம் வந்த ஐ5-8250யுவில் நான்கு. அந்த ஐ7 ஸ்டிக்கரை உரித்து ஐ5இல் ஒட்டிக்கொண்டால் இரண்டு ஆசையும் தீரும்.

நவம்பர் 9, மாலை 6.30

திங்க்பேட் என்று மொத்தமாகச் சொன்னதும் என் தவறு. டி480இல் (2018) ரேம் ஸ்லாட் இரண்டு. டி480எஸ் என்று கடைசியில் ஓர் எழுத்து கூடினால், ஒரு ரேம் போர்டில் ஒட்டியிருக்கும், ஸ்லாட் ஒன்றுதான். எக்ஸ்1 கார்பனில் ஸ்லாட்டே கிடையாது. மெலிந்த உடம்பு வேண்டும் என்றால் ஒட்டித்தான் ஆக வேண்டும் போல. ஒரே பெயர், ஒரே கறுப்பு, உள்ளே மூன்று விதம். வாங்குமுன் அந்த மாடலின் கையேட்டில் மெமரிப் பக்கத்தைப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

ஸ்லாட் இருந்தால் 8 ஜிபியே போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

(இந்தக் கடைசி வரியை நம்பவேண்டாம். டிசம்பர் 7 குறிப்பைப் பாருங்கள்.)

நவம்பர் 15, இரவு 10.05

நான் ரீஃபர்பிஷ்டின் பிரசாரகன் மாதிரி எழுதிக்கொண்டிருப்பதாக ஒருவர் குத்திக்காட்டியிருக்கிறார். சரி, என் முதல் ரீஃபர்பிஷ்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் தவிர்க்கலாம் என்றுதான் இருந்தேன்.

வந்தபோது குறை சொல்ல எதுவும் இல்லை. மூடியில் ஒரு செவ்வகம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கறுப்பாக இருந்தது, நிறுவனத்தின் சொத்து எண் ஒட்டியிருந்த இடம். ஏழு மாதம் நன்றாக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெதுவாகிவிட்டது என்று விண்டோஸை ரீசெட் செய்தேன். வைஃபையில் இணைந்ததும் திரையில், நான் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தின் பெயரோடு வரவேற்பு. உங்கள் அலுவலக மின்னஞ்சலைக் கொடுங்கள் என்கிறது. முன்னே போகவும் வழியில்லை, பின்னே வரவும் வழியில்லை.

ஆட்டோபைலட் என்று மைக்ரோசாஃப்டில் ஓர் ஏற்பாடு உண்டு. பெரிய நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்களின் வன்பொருள் அடையாளத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடும். யார் கையில் போனாலும், புதிதாக விண்டோஸ் ஏற்றி இணையத்தைத் தொட்டவுடன் அது தாய்வீட்டைத் தேடும். எஸ்எஸ்டியை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. அடையாளம் மதர்போர்டோடு சேர்ந்தது. விற்றவர் இணையம் இல்லாமல் விண்டோஸ் ஏற்றிக் கொடுத்ததால் அதுவரை வெளியே தெரியவில்லை. அவர் வேண்டுமென்றே செய்தாரா, அவருக்கே தெரியாதா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வாரண்டி ஆறு மாதம். நான் ரீசெட் செய்தது ஏழாவது மாதம்.

கடைசியில் அந்த நிறுவனத்துக்கே எழுதினேன். பில்லின் படம், சீரியல் எண் எல்லாம் வைத்து. நானே நம்பவில்லை, மூன்று வாரம் கழித்து "பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம்" என்று ஒரு வரிப் பதில் வந்தது. அந்த மூன்று வாரமும் லினக்ஸில் ஓட்டினேன். லினக்ஸுக்கு அந்தப் பூட்டு பொருட்டே இல்லை. அவர்கள் பதில் போடாமல் விட்டிருந்தாலும் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

நவம்பர் 16, காலை 8.00

ஆகவே, பெட்டியைப் பிரித்த அன்றே:

முதல் வேலையாக ரீசெட். வைஃபையோடு. விற்றவர் ஏற்றிக் கொடுத்த விண்டோஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும். யாராவது நிறுவனத்தின் பெயர் எட்டிப்பார்த்தால் அப்படியே படம் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புங்கள்.

பிறகு பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்பு) போக முடிகிறதா, கடவுச்சொல் கேட்கிறதா என்று பாருங்கள். அப்சொல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்ற வரி இருந்து, அது செயலில் இருந்தால் அதுவும் வேண்டாம். ஃபார்மேட் செய்தாலும் ஃபர்ம்வேரிலிருந்து (போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) எழுந்து வரும் காவலாளி அது. ஆப்பிளில் இதே தலைவலிக்கு ஆக்டிவேஷன் லாக் என்று பெயர்.

பூட்டு இருந்தால் திருட்டுப் பொருள் என்று பதறவேண்டாம், பெரும்பாலும் மறதி. ஆனால் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

நவம்பர் 23, பகல் 3.30

பேட்டரி. இதைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம், எழுத ஆரம்பித்தால் முடியாது.

எல்லாரும் சொல்லும் யோசனையை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, முன்சாய்வுக்கோடு, பேட்டரிரிப்போர்ட் (எல்லாம் ஆங்கில எழுத்தில்) என்று அடித்தால் ஓர் அறிக்கை கிடைக்கும். அதில் இரண்டு எண்கள் முக்கியம்: பிறந்தபோது கொள்ளளவு, இப்போது முழுதாகச் சார்ஜ் ஆனால் கொள்ளளவு. 50,000இல் தொடங்கியது 31,000இல் நின்றால் 62 சதவீதம் மிச்சம். 80க்கு மேல் இருந்தால் நல்லது, 60க்குக் கீழே என்றால் புது பேட்டரியின் விலையையும் லேப்டாப் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

சென்ற வருடம் நானே இப்படிப் பார்த்து, 100 சதவீதம், சுழற்சி எண்ணிக்கை வெறும் 3 என்று வந்ததும் மகிழ்ந்துபோய் வாங்கினேன். முதல் வாரமே முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது பட்டென்று அணைந்தது. திறந்து பார்த்தால் பெயர் தெரியாத பேட்டரி. அதன் சிப்பில் என்ன எண் எழுதி வைத்தார்களோ அதைத்தான் விண்டோஸ் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறது. அதன்பிறகு அறிக்கையை அரைமனதோடுதான் பார்க்கிறேன். பழைய அசல் பேட்டரி 78 சதவீதம் காட்டினால் அது உண்மை பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று வருட லேப்டாப்பில் 100 சதவீதம் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

நம்பகமான சோதனை ஒன்றுதான். முழுதாகச் சார்ஜ் செய்து, வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, ஒரு நீண்ட வீடியோவை ஓடவிட்டு அணையும்வரை கடிகாரம் பாருங்கள். சதவீதம் படிப்படியாக இறங்க வேண்டும். 40இலிருந்து 9க்குத் தாவினால் ஆள் சரியில்லை.

இன்னொன்று. டச்பேடின் கிளிக் திடீரென்று அமுங்க மறுத்தால் டச்பேடைத் திட்டாதீர்கள். நான் திட்டினேன். இரண்டு வாரம் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். அடிமூடியைக் கழற்றியபோது பேட்டரி தலையணை மாதிரி உப்பி டச்பேடை அடியிலிருந்து முட்டிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு வாரமும் நான் அழுத்தியது எதை என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. உப்பினதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள். மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

நவம்பர் 23, பகல் 4.10

சார்ஜரை விட்டுவிட்டேன். அசல் 65 வாட் என்றால் 65 வாட் கேளுங்கள். சில மாடல்கள் சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் பேட்டரியை ஏற்றாது, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். "லேப்டாப் ஸ்லோ" என்று சொல்லும் பாதிப்பேருக்கு... சரி, பாதி என்பது நானாகச் சொல்வது. எனக்குத் தெரிந்த இருவருக்குச் சிக்கல் சார்ஜரில்தான் இருந்தது.

நவம்பர் 24, இரவு 9.20

"கிரேடு ஏ" என்றால் என்ன என்று கேட்டார்கள். கீறல் இல்லை என்று பொருள். அவ்வளவுதான். ஏ, பி, சி எல்லாம் பெரும்பாலும் மேனியழகுக்குத் தரும் மதிப்பெண், உள்ளே இருப்பதைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்குப் பொதுவான அளவுகோலும் கிடையாது, ஒருவரின் ஏ இன்னொருவரின் பி. நான் பி கிரேடைத்தான் தேடுவேன். மூடிக் கீறலுக்காக விலை குறைகிறது என்றால் எனக்கு லாபம், மூடியைப் பார்த்துக்கொண்டா வேலை செய்கிறேன்?

திரையில் மட்டும் சமரசம் வேண்டாம். முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் மேலே கனம் வைத்து அமுக்கியிருக்கிறார்கள். 1366க்கு 768 திரை என்றால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் கண்ணுக்குக் கேடு.

கீபோர்டில் வழவழவென்று தேய்ந்த விசைகளைப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. இப்போதுள்ளதில் கன்ட்ரோல், சி, வி மூன்றும் மினுங்குகின்றன. மற்றவை புத்தம்புதுசு. முன்னவர் என்ன வேலை பார்த்தார் என்று சொல்லவே வேண்டாம்.

டிசம்பர் 6, பகல் 12.45

கேள்வி கேட்டவர் புதுசின் விவரத்தை இப்போதுதான் தந்திருக்கிறார். சிப்: ரைசன் 5 7520யு. கொஞ்சம் பொறுங்கள், இதுதான் இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த இடம்.

7 என்ற முதல் எண்ணைப் பார்த்து ஏழாயிரம் வரிசை, புதியது என்று நினைப்போம். அது வெறும் மாடல் வருடத்துக்கான குறி. ஏஎம்டியின் அந்தப் பெயர் முறையில் மூன்றாவது எண்தான் உள்ளிருக்கும் கோரின் வம்சத்தைச் சொல்லும். 7520இல் மூன்றாவது எண் 2. ஜென் 2 என்று பொருள். ஜென் 2 முதலில் வந்தது 2019இல். பிளாஸ்டிக் பிரிக்காத பெட்டிக்குள் 2019இன் வடிவமைப்பு. அவர் பார்த்து வைத்திருக்கும் ரீஃபர்பிஷ்டில் ஐ5-1135ஜி7, அது 2020.

நியாயமாகச் சொன்னால், 7520யு மோசமான சிப் இல்லை. மின்சாரம் கொஞ்சமாகத்தான் தின்னும், எழுத்து வேலைக்குத் தாராளம். ஆனால் அதனோடு வரும் ரேம் எப்போதும் போர்டில் ஒட்டியதுதான், 8 ஜிபி என்றால் ஆயுளுக்கும் 8 ஜிபி. "பழசு பழசுதான்" என்று சொன்ன நண்பர்களிடம், எது பழசு என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு சின்ன லாபம்: 11ஆம் தலைமுறை இன்டெல்லிலிருந்துதான் ஏவி1 என்ற சுருக்க முறையில் வரும் வீடியோவை வன்பொருளே பிரித்துக் காட்டும். 8ஆம் தலைமுறையில் அந்த வேலை முழுக்க சிபியு தலையில் விழும், ஃபேன் கூவும். யூடியூப் பார்ப்பவருக்கு 8க்கும் 11க்கும் உள்ள வித்தியாசம் காதில் தெரியும்.

டிசம்பர் 7, காலை 11.00

"8 ஜிபி வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்" என்று நவம்பரில் எழுதினேன். வாபஸ். ரேம் விலை ஏறிக்கொண்டே போகிறது, ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரிச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. டிசம்பர் 3இல் மைக்ரான் தன் குரூஷியல் என்ற நுகர்வோர் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. வீட்டுக்கு ரேம் வாங்கியவர்கள் பலருக்கும் அது பழக்கமான பெயர். இப்போது 16 ஜிபி ஏற்கனவே உள்ளே இருக்கும் ரீஃபர்பிஷ்டைத் தேடுங்கள். விற்பவர் பழைய கணக்கில் விலை போட்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

புதுசு வாங்குபவர்களுக்கும் இதே அடிதான். காசு அதே, உள்ளே ரேம் குறையும்.

டிசம்பர் 20, இரவு 11.15

வேறொருவர் பொறியியல் படித்தவர் போலிருக்கிறது, குளியல்தொட்டி வளைவைக் கொண்டுவந்திருக்கிறார். சாதனங்கள் பிறந்த புதிதில் அதிகம் கெடும், நடுவில் அமைதி, கடைசியில் மறுபடி அதிகம் கெடும். வரைந்தால் தொட்டி வடிவம். ஆகவே மூன்று வருடம் ஓடிய லேப்டாப் பாலாரிஷ்டம் தாண்டியது, புதுசைவிடப் பத்திரம் என்கிறார்.

ஆஹா என்று நானும் தலையாட்டினேன். தூக்கம் வரவில்லை, யோசித்தேன். முழுதாகச் சரியில்லை. மதர்போர்டு தாண்டியிருக்கும். ஆனால் ரீஃபர்பிஷ்டு என்றாலே எதையோ மாற்றியிருப்பார்கள்: எஸ்எஸ்டி, பேட்டரி, சிலசமயம் திரை. அவையெல்லாம் மறுபடி கைக்குழந்தைகள். அதிலும் மலிவு கைக்குழந்தைகள். ஹின்ஜும் ஃபேனும் தொட்டியின் மறுகோடியை நெருங்கிக்கொண்டிருக்கும். ஒரே உடம்பில் மூன்று வயது.

அதனால்தான் "எஸ்எஸ்டி புதுசு" என்று விளம்பரம் செய்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. நிறுவனம் போட்டுக்கொடுத்த அசல் எஸ்எஸ்டி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சோதனை மென்பொருளில் 90 சதவீத ஆரோக்கியம் காட்டினால், பெயரில்லாத புதுசைவிட அதுவே மேல். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியது என்று காட்டினாலும் பயப்படவேண்டாம். முன்பு நான் மணிக்கணக்கைப் பார்த்துப் பயந்து ஒன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், தேவையில்லாத வேலை. எஸ்எஸ்டி தேய்வது எழுதுவதால்தான், சும்மா விழித்திருப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

டிசம்பர் 21, காலை 6.50

நேற்றையதன் தொடர்ச்சி. பழைய கார் சந்தையைப் பற்றி ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரையில் ஒரு வாதம் உண்டு. வண்டி சொத்தையா என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்கமாட்டார். கடைசியில் சந்தையில் சொத்தைகளே மிஞ்சும். (2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, இருவரோடு பங்கிட்டு.)

ரீஃபர்பிஷ்டு சந்தை அப்படி ஆகாமல் தப்பிப்பதற்குக் காரணம், மொத்தமாக வருபவற்றில் நல்லதை மறைத்து வைத்துக்கொள்ள யாருமில்லை. குத்தகை முடிந்தால் நல்லதும் சொத்தையும் சேர்ந்தே வெளியே வரும். தனிநபர் விற்கும் பழைய லேப்டாப்பில் அந்த உத்தரவாதம் இல்லை. ஏன் விற்கிறார்? "புதுசு வாங்கிட்டேன்" என்பார். ஏன் புதுசு வாங்கினார்?

ஆகவே நான் இப்போது மாடலைப் பார்க்குமுன் இரண்டு எண்களைப் பார்க்கிறேன். எத்தனை நாளுக்குள் கேள்வி கேட்காமல் திருப்பி எடுப்பார்கள், எத்தனை மாதம் வாரண்டி. தன் சரக்கு தெரிந்த விற்பவர் எவ்வளவு துணிகிறார் என்பது அதில் தெரியும். ஏழு நாள்கூடத் தரமாட்டேன் என்பவரிடம் எக்ஸ்1 கார்பனைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

கணக்கு வேண்டுமென்றால்: லேப்டாப் விலை, புது பேட்டரி விலை, தேவையென்றால் எஸ்எஸ்டி விலை எல்லாம் கூட்டி, இன்னும் எத்தனை மாதம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று நீங்கள் நம்புகிறீர்களோ அதால் வகுங்கள். மாத வாடகை வரும். புதுசுக்கும் அதே கணக்கு. 8ஆம் தலைமுறை இந்தக் கணக்கில் அடிக்கடி தோற்கிறது. விண்டோஸ் 11இன் வாசற்படியில் நிற்பது அது, அடுத்த வாசல் வந்தால் முதலில் வெளியே நிற்கப்போவதும் அதுதான்.

2026 ஜனவரி 4, மாலை 5.00

சுற்றுச்சூழலுக்காகவாவது பழசு வாங்க வேண்டும் என்று ஒரு நண்பர் எழுதினார். 2022இல் உலகம் 62 மில்லியன் டன் மின்கழிவை உண்டாக்கியது, முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் உள்ளது 22.3 சதவீதம்தான் என்று ஐநா அறிக்கை சொல்கிறது. லேப்டாப்பின் வாழ்நாள் கரியமிலத் தடத்தில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே வந்துவிடுகிறது. வாதம் சரிதான்.

நான் மேற்கோள் காட்டலாமா என்று என் அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். ஆறு வருடத்தில் மூன்று ரீஃபர்பிஷ்டு, நான்கு பேட்டரி, இரண்டு சார்ஜர், ஒரு கீபோர்டு. ஒரு நல்ல புதுசு வாங்கியிருந்தால் ஒருவேளை இன்னும் அதுவே ஓடிக்கொண்டிருக்கும். மலிவு என்பதால் தேவைக்கு மேல் வாங்கியிருக்கிறேன். பூமியை நான் காப்பாற்றியதாக யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஜனவரி 11, காலை 9.30

இப்போது திட்டத் தயாராகுங்கள். அப்பாவுக்கு லேப்டாப் வாங்கினேன். புதுசு.

அவர் வேறு ஊரில் தனியாக இருக்கிறார். எதையும் கழற்றமாட்டார், பயாஸ் என்ற சொல்லையே கேட்டதில்லை. ரீஃபர்பிஷ்டு வாங்கிக் கொடுத்தால் அதன் சர்வீஸ் சென்டர் நான்தான். வாரண்டியில் நான் வாங்கியது, எனக்குப் பதிலாக அவர் வீட்டுக்குப் போக ஓர் ஆள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று டச்பேடைத் தடவிப் பார்க்கச் சொல்லி எழுபத்தைந்து வயதுக்காரரிடம் போனில் பாடம் நடத்த முடியாது. கீழ்த்தட்டு மாடலாக இல்லாமல் ஒரு படி மேலே, ரேம் ஸ்லாட் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். அதற்காகக் கூடுதல் காசு போனது. முதல் குறிப்பில் "நிஜமில்லை" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னேனே, அப்போது ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கும் என்னை மட்டும்தான் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 11, காலை 9.45

ஆமாம், அப்பா "அந்தப் பழைய கறுப்பு லேப்டாப் உறுதியாக இருக்குமே, அதைக் கொடுத்தால் என்ன" என்றுதான் கேட்டார். அதை வேறு இங்கே சொல்ல வேண்டுமா.

பிப்ரவரி 15, இரவு 8.10

கேள்வி கேட்டவர் ரீஃபர்பிஷ்டையே வாங்கிவிட்டார். 1135ஜி7, 16 ஜிபி, ரேம் ஸ்லாட் ஒன்று. வந்த அன்றே ரீசெட் செய்தார், பூட்டு இல்லை. அசல் பேட்டரி, 81 சதவீதம், வீடியோ ஓட்டியதில் ஐந்தே கால் மணி நேரம், படிப்படியான இறக்கம். ஃபேனைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் புதுப்பித்திருக்கிறார்கள். கிரேடு பி.

ஒன்றை மட்டும் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது ஜெர்மனியில் ஓடிய லேப்டாப். கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கின்றன, என்டர் விசை உயரம், இடது ஷிஃப்ட் குட்டை. அந்தக் குட்டைக்கு ஈடாகப் பக்கத்தில் கூடுதலாக ஒரு விசை. எழுத்து மாறியிருப்பது பரவாயில்லை என்கிறார், தமிழ்99 தட்டச்சு முறையில் கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பவருக்கு விசையில் என்ன அச்சடித்திருந்தால் என்ன. ஷிஃப்ட்தான் சோதிக்கிறது. கிரந்த எழுத்துக்கும் ஆய்தத்துக்கும் ஷிஃப்ட் வேண்டும், சுண்டுவிரல் பழக்கதோஷத்தில் பக்கத்து விசைக்குப் போய்விடுகிறது, ஷ வரவேண்டிய இடத்தில் ஈ வந்து உட்காருகிறது.

திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அனுப்பப்போவதில்லையாம். "ரீஃபர்பிஷ்டு" என்று எழுதும்போதுதான் ஈ மொய்க்கிறது, "பழசு" என்று எழுத ஷிஃப்டே வேண்டாம், இனி அப்படியே எழுதிக்கொள்கிறேன் என்கிறார்.